1979-இல் கட்டிய டிராலர் படகு, கேட்கும் விலை 64,500 டாலர். கொடுக்கலாமா?

கரையோரன் (எவரெட், வாஷிங்டன் மாநிலம்):

எங்கள் நாகப்பட்டினத்தில் டிராலர் என்றால் இறால் மடி இழுக்கும் விசைப்படகுதான். டீசல் நெடி, ஐஸ் பெட்டி, கவிச்சை. இங்கே சியாட்டில் பக்கம் அதே பெயரில் விற்கும் படகுக்கு மடியும் கிடையாது, மீனும் கிடையாது. உயர்ந்த அணியம் (படகின் முன்பக்கம்), கனத்த வயிறு, மணிக்கு ஏழு கடல் மைலுக்கு மேல் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கும் நிதானம், இவற்றை மட்டும் மீன்பிடிப் படகிடமிருந்து வாங்கிக்கொண்டு, உள்ளே கட்டிலும் அடுப்பும் கழிவறையும் வைத்துவிட்டார்கள். பணம் படைத்தவர்களின் பளபளக்கும் உல்லாசப் படகுகளைப் பார்த்தால் எனக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. இந்தக் குண்டுப் படகுகளைப் பார்த்தால் மட்டும் கால் நின்றுவிடுகிறது.

பதினோரு ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமை காலைகளில் படகுத்துறைகளில் நடக்கிறேன். (இங்கே அதற்கும் மரினா என்றுதான் பெயர். ஊரில் இருக்கும் அண்ணனிடம் தொலைபேசியில் "மரினாவில் நிற்கிறேன்" என்றால், "எப்போது மெட்ராஸ் வந்தாய்?" என்கிறார்.) வாங்குவதற்காக நடக்கவில்லை, பார்ப்பதற்காகத்தான். கல்யாண வீட்டில் சாப்பிட உட்காராமல் பந்தியைச் சுற்றிச் சுற்றி வரும் ஆள் என்று மனைவி என்னைச் சொல்வாள்.

போன வாரம் உட்கார்ந்துவிடும் எண்ணம் வந்தது. சியாட்டில் நகருக்குள் இருக்கும் யூனியன் ஏரியில், கூரை போட்ட துறையில் ஒரு படகு. தைவானில் கட்டியது, 36 அடி, ஒரே எஞ்சின், ஃபோர்ட் லேமன் 120 குதிரைத்திறன், 3,870 மணி நேரம் ஓடியது. டீசல் தொட்டிகள் இரண்டு, ஒவ்வொன்றும் 200 கேலன், இரும்பு. மேல்தளம் முழுவதும் தேக்கு. விற்பவருக்கு 81 வயது; 1991 முதல் அவரிடம்தான் இருக்கிறது. உள்ளே இறங்கினால் ஒவ்வொரு குழாய்த் திறப்பின் மேலும் ஒரு சிறிய பித்தளைத் தகடு. அதில் அது எங்கே போகிறது, எந்தப் பக்கம் திருகினால் மூடும் என்று பொறித்திருக்கிறது. அவர் மனைவி செய்து கொடுத்தவையாம். அந்தத் தகடுகளைப் பார்த்ததும் என் பேரம் பேசும் திறமை பாதி போய்விட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆறு மாதமாக விளம்பரங்களைப் பார்த்து, இதே நீளம், இதே காலத்துப் படகுகள் ஏழின் விலையை நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். 38,000 டாலரில் தொடங்கி 89,000 வரை போகிறது. மேலே நிற்பது கிராண்ட் பேங்க்ஸ் 36. அந்தப் பெயருக்கே தனி விலை. என் கணக்கில் இந்தப் படகுக்கு 55,000 தகும். தேக்குத் தளம் இருப்பதால் சற்றுக் கூடவே கொடுக்கலாம் என்றும் படுகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டீசல்மணம் (வான்கூவர்):

தம்பி, கடைசி வரியைப் படித்ததும் கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்துவிட்டேன். 45 வயதுத் தேக்குத் தளத்துக்குக் கூடுதலாகவா? அதற்குக் கழிக்க வேண்டும்.

முதலில் அந்த நோட்டைப் பற்றி. நீங்கள் குறித்தவை எல்லாம் ஆசை விலைகள். 89,000 என்று எழுதிய படகு இரண்டு கோடைக்காலம் அதே துறையில் பாசி பிடித்துக் கிடந்து 61,000-க்குப் போயிருக்கலாம்; விளம்பரம் அதைச் சொல்லாது. உண்மையில் கை மாறிய விலைகள் தரகர்களின் தரவுத்தளத்தில் இருக்கும், நமக்குத் திறக்காது. வாங்குபவர் சார்பில் ஒரு தரகரைப் பிடியுங்கள். கூலியை வழக்கமாக விற்பவர் கொடுக்கும் தரகிலிருந்துதான் அவர் பங்கிட்டுக்கொள்வார். கடந்த இரண்டு ஆண்டில் விற்ற 36 அடிப் படகுகளின் பட்டியலை அவரிடம் கேளுங்கள். எத்தனை நாள் விற்காமல் கிடந்தது என்ற பத்தியையும் சேர்த்துப் பாருங்கள்; விலையைவிட அது அதிகம் பேசும்.

எஞ்சினைப் பற்றி எனக்குக் கவலை குறைவு. இங்கிலாந்து ஃபோர்டின் ஆறு சிலிண்டர் டீசல் அது, 6.2 லிட்டர். நிலத்து வேலைக்கென்று பிறந்ததை நியூ ஜெர்சியில் லேமன் கடலுக்கு ஏற்ப மாற்றினார்கள். இவ்வளவு பெரிய வயிற்றிலிருந்து 120 குதிரைத்திறன் மட்டும் வாங்குவதால் அது அலுப்பதே இல்லை. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பத்தாயிரம் மணி நேரத்தைத் தாண்டும். என்னிடம் இதே எஞ்சின் 14 ஆண்டு இருந்தது. 3,870 மணி நேரம் குறைவு என்று மகிழாதீர்கள். ஆண்டுக்குச் சராசரி 86 மணி நேரம்தான் வருகிறது. டீசல் ஓடித் தேய்வதைவிடக் கிடந்து கெடுவது அதிகம்.

விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இன்ஜெக்ஷன் பம்பு எண்ணெயைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?" இந்த எஞ்சினில், டீசலை உள்ளே பீய்ச்சும் அந்தப் பம்புக்குத் தனியாகக் கொஞ்சம் எண்ணெய் உண்டு, 50 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். தேதியோடு பதில் வந்தால் மற்றவற்றையும் அவர் பார்த்திருப்பார். "எந்தப் பம்பு?" என்று கேட்டால் பேனாவை எடுத்து விலையைத் திருத்துங்கள்.

ஓட்டிப் பார்க்கப் போகும் நாளில் சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னதாகப் போய் எஞ்சினின் மேல் உள்ளங்கையை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக யாரோ முன்பே கிளப்பி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது, எவ்வளவு நேரம் வெள்ளைப் புகை விடுகிறது என்பதைப் பார்க்காமல் பணம் பேசக் கூடாது.

அடுத்தது தொட்டிகள். டீசல் இரும்பை உள்ளிருந்து தின்பது குறைவு. மேலே தளத்தில் இருக்கும் டீசல் ஊற்றும் மூடி வழியாக மழைநீர் கசிந்து, தொட்டியின் தலையில் தேங்கி, வெளியிலிருந்து தின்னும். எஞ்சினின் இரு பக்கமும் தொட்டிகள் அணைந்து நிற்பதால், மாற்ற வேண்டுமென்றால் ஒன்று எஞ்சினைத் தூக்க வேண்டும், அல்லது தொட்டியை அங்கேயே துண்டு போட்டு எடுத்து, அதைவிடச் சிறிய இரண்டு மூன்று தொட்டிகளை உள்ளே நுழைக்க வேண்டும். கையில் விளக்கோடு மல்லாந்து படுத்துத் தொட்டியின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். செந்நிறக் கோடு தெரிந்தால் 15,000 டாலர் என்று மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

தளத்தைப் பற்றிச் சிங்கப்பூர் அண்ணர் எழுதுவார். அவரைக் கூப்பிட்டிருக்கிறேன்.

பழையதச்சன் (சிங்கப்பூர்):

கூப்பிட்டதற்கு வந்துவிட்டேன். 34 ஆண்டுகள் இங்கே படகுப் பட்டறைகளில் மரவேலை செய்தவன் நான். இப்போது பேரனுக்குப் பொம்மைப் படகு செய்கிறேன்.

கிராண்ட் பேங்க்ஸ் பெயர் வந்ததால் இரண்டு வார்த்தை. அந்தப் படகுகள் ஹாங்காங்கில் 1960களில் தொடங்கின. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் சிங்கப்பூரிலும் கட்டத் தொடங்கினார்கள். 1973 வரை உடம்பு முழுவதும் மரம். பிறகுதான் ஃபைபருக்கு மாறினார்கள். மாறிய பிறகும் பக்கவாட்டில் பலகை இணைப்பு போலவே கோடு விட்டு வார்த்தார்கள், வாங்குபவர் கண்ணுக்குப் பழக்கம் கெடக்கூடாது என்று. ஆகவே யாராவது உங்களுக்கு அந்தப் பெயரில் மலிவாகக் காட்டினால் முதலில் ஆண்டைப் பாருங்கள். மரப் படகு என்றால் அது வேறு வாழ்க்கை. காப்பீடு கிடைப்பதே போராட்டம்.

இனி உங்கள் தேக்கு. தேக்கு கெடாது. 45 ஆண்டானாலும் சாம்பல் நிறத்தில் கம்பீரமாகக் கிடக்கும். அதை அழகு பார்த்துத்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். அந்தக் காலத்தில் பலகைகளை ஃபைபர் தளத்தின் மேல் திருகாணி போட்டு முறுக்கினார்கள். உங்கள் 36 அடிப் படகில் ஆயிரத்துக்கு மேல் திருகாணி இருக்கும். ஒவ்வொன்றும் ஃபைபர்த் தோலில் ஒரு துளை. மேல்தோலுக்கும் அடித்தோலுக்கும் நடுவே மரத்தாலான உள்ளீடு. பலகை தேயத் தேயத் திருகாணியின் தலையை மூடிய மரக்குமிழ் மெலிந்து உதிரும், பலகைகளுக்கு இடையே அடைத்த கறுப்பு ரப்பர் கோடு விட்டுக்கொடுக்கும், தண்ணீர் திருகாணியைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கும். உள்ளீடு நனைந்த பிஸ்கட் மாதிரி ஆகும்வரை மேலே ஒன்றும் தெரியாது.

வெறுங்காலோடு நடந்து பாருங்கள். சன்னல்களுக்கு அருகிலும் நங்கூர விசை பொருத்திய இடத்திலும் தளம் சற்றே அமுங்குகிறதா என்று பாதத்துக்குத் தெரியும். பிறகு ஒரு சிறிய பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் "டக்" என்று சொல்லும், செத்த இடம் தர்பூசணி மாதிரி மந்தமாகச் சொல்லும். தேக்கு போர்த்திய தளத்தில் இந்த ஓசை ஏமாற்றும், ஆகவே ஈரமானி வைத்திருக்கும் சர்வேயர், அதாவது படகைச் சோதித்து அறிக்கை எழுதித் தருபவர், கட்டாயம் வேண்டும். படகு கூரைக்கடியில் நின்றது உங்களுக்கு நல்ல சேதி. தளத்தைக் கொல்வது கடல்நீர் கிடையாது, மழைநீர்தான்.

இன்னொன்று. இப்போதைய உரிமையாளர் தளத்தை எப்படிக் கழுவினார் என்று கேளுங்கள். முரட்டுத் தூரிகையால் நார் ஓடும் திசையிலேயே தேய்த்திருந்தால் பலகையின் மென்பாகம் எல்லாம் போயிருக்கும். உப்புநீரை ஊற்றி, மென்மையான தூரிகையால், நாருக்குக் குறுக்கே தேய்ப்பவர் என்றால் அவர் கையை நம்பலாம்.

சந்தேகி (பெல்வியூ):

எல்லோரும் படகின் விலையைப் பற்றியே பேசுகிறீர்கள். அது நுழைவுச்சீட்டு. துறை வாடகை அடிக்கு இவ்வளவு என்று மாதாமாதம். வாங்கும்போது மாநில, உள்ளூர் வரியாக ஏறக்குறைய 10 விழுக்காடு. பிறகு ஆண்டுதோறும் மதிப்பில் அரை விழுக்காடு படகு வரி. காப்பீட்டுக்காரர் சர்வே அறிக்கை இல்லாமல் முகம் கொடுக்கமாட்டார். வாஷிங்டனில் படகு ஓட்டக் கல்வி அட்டை வேறு வேண்டும். கரையோரன் குடியுரிமை பெற்றவரா என்று சொல்லவில்லை. பச்சை அட்டைதான் என்றால் கடலோரக் காவல் படையின் கூட்டாட்சிப் பதிவு கிடையாது, மாநிலப் பதிவு மட்டும்தான். கடன் கொடுக்கும் வங்கி அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கும்.

அனகோர்ட்டஸில் இதே மாதிரிப் படகை ஒரு வாரம் வாடகைக்குக் கொடுக்கிறார்கள். குடும்பத்தோடு சான் வான் தீவுகளைச் சுற்றிவிட்டு வாருங்கள். ஏழாவது நாளும் மனைவி பேசினால் அப்புறம் வாங்கலாம்.

டீசல்மணம்:

சந்தேகி சொன்ன வாடகை யோசனை நல்ல யோசனைதான், கசப்பாகச் சொன்னாலும்.

தச்சன் அண்ணரோடு ஓர் இடத்தில் எனக்கு மாறுபாடு உண்டு. மழை பற்றி அவர் சொன்னது சரி. ஆனால் ஏரி நன்னீர் என்பதால் அடியில் வேறு ஒரு தொல்லை இருக்கிறது. நன்னீரில் சிப்பி ஒட்டாது, அதனால் எல்லோரும் அங்கே கட்ட ஆசைப்படுகிறார்கள். ஆனால் ஃபைபருக்குள் நீர் ஊறிக் கொப்புளம் கிளம்புவது உப்புநீரைவிட நன்னீரில் விரைவு. படகைக் கரையேற்றியதும் முதலில் சில மணி நேரத்துக்குள் அடியைப் பாருங்கள். காயக் காயச் சிறு கொப்புளங்கள் அமுங்கி மறைந்துவிடும். நாலணா அளவுக் கொப்புளம் இருபது முப்பது என்றால் பயப்பட வேண்டாம். பேரத்துக்குப் பயன்படும், அவ்வளவுதான்.

கழிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. சர்வேயில் 50,000 டாலர் வேலை எழுதி வந்தால், 64,500-இல் 50,000-ஐக் கழித்துவிட்டு நீட்டாதீர்கள். 1979 படகின் தளம் பழையது என்பது விலையில் ஏற்கெனவே இருக்கிறது. அதே வயதுச் சராசரிப் படகைவிட இது எவ்வளவு மோசம் என்பதை மட்டும்தான் கழிக்க முடியும். இதை மறந்து அள்ளிக் கழித்த என் நண்பர் ஒருவர் மூன்று நல்ல படகுகளை இழந்தார். இன்றைக்கும் கரையில்தான் நிற்கிறார்.

கரையோரன் (ஐந்து வாரம் கழித்து):

எல்லோருக்கும் வணக்கம். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பம்பு எண்ணெய்க் கேள்வியைக் கேட்டேன். பெரியவர் ஒன்றும் பேசாமல் அலமாரியைத் திறந்து ஐந்து நோட்டுகளை எடுத்து மேசையில் வைத்தார். 1991 முதல் ஒவ்வொரு எண்ணெய் மாற்றமும் பென்சிலில். பிறகு, "இதைக் கேட்ட முதல் ஆள் நீங்கள்" என்றார். டீசல்மணம் அண்ணன், அந்த இடத்தில் விலை குறையவில்லை, ஆனால் பேச்சு மாறிவிட்டது.

55,000 என்று எழுதிக் கொடுத்தோம், சர்வேக்கு உட்பட்டு என்ற நிபந்தனையோடு. ஒப்புக்கொண்டார். சர்வேயர் அடிக்கு 28 டாலர் கேட்டார். கரையேற்ற 450. எஞ்சின் பார்க்கத் தனி ஆள், அவருக்கு 700. உடம்பில் கொப்புளம் பதினேழு, எல்லாம் சிறியவை. எஞ்சின் எண்ணெயைச் சோதனைக்கு அனுப்பினோம், குறை ஒன்றும் இல்லை. எஞ்சினில் புகை கலந்த நீர் வெளியேறும் வளைவுக் குழாய் மட்டும் அரித்திருந்தது.

தளம்தான் மானத்தை வாங்கியது. இடது பக்கம் சன்னலுக்கு வெளியே 14 அடி நீளத்துக்கு ஈரமானி எல்லையைத் தாண்டி நின்றது. நான் ஆசையோடு பல முறை நடந்த அதே இடம். தச்சன் ஐயா சொன்னபடி வெறுங்காலோடும் நடந்திருந்தேன், என் பாதத்துக்கு ஒன்றும் தெரியவில்லை. எங்கள் ஊர்க் கரையில் நடந்து தடித்த பாதம். வலது தொட்டியின் அடியில் செந்நிறக் கோடு. தேக்கை உரித்து, உள்ளீட்டை மாற்றி, ஃபைபர் போட்டு மூட ஒரு பட்டறையில் 28,000 சொன்னார்கள். தொட்டிக்கு 16,000. சர்வேயர் எழுதிய சந்தை மதிப்பு 49,000.

எனக்குக் கேட்க வாய் வரவில்லை. தரகர்தான் 41,500 என்று எழுதி அனுப்பினார். பெரியவர் இரண்டு நாள் பதில் சொல்லவில்லை. அந்த இரண்டு நாளும் நான் தொழிற்சாலையில் இரவு வேலையில் என்ன திருகினேன் என்று எனக்கே தெரியாது. மூன்றாம் நாள் 44,000 என்று வந்தது, ரப்பர் துணைப்படகும் அதன் சிறு எஞ்சினும் சேர்த்து. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

தேக்கை இப்போது உரிக்கப் போவதில்லை. மோசமான 14 அடியை மட்டும் இந்தக் குளிர்காலத்தில் திறந்து நானே பார்க்கலாம் என்று நினைக்கிறேன். அதற்கு முன்னால் படகை எவரெட்டுக்குக் கொண்டுவர வேண்டும். என் பயம் பல்லார்ட் மதகு, படகை உள்ளே வைத்துக் கதவை மூடித் தண்ணீர் மட்டத்தை இறக்கிக் கடலுக்கு விடும் இடம். ஏரியிலிருந்து கடலுக்கு இறங்கும்போது தண்ணீர் இருபது அடிக்கு மேல்கூடத் தாழும் என்கிறார்கள். இதுவரை கரையில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறேன், உள்ளே போனதில்லை. என்ன தயார் செய்ய வேண்டும்?

டீசல்மணம்:

வாழ்த்துகள் தம்பி. 44,000 நல்ல விலை. பித்தளைத் தகடுகளைக் கழற்றிவிடாதீர்கள்.

50 அடிக் கயிறு இரண்டு, ஒவ்வொன்றின் ஒரு முனையிலும் ஓர் அடி அளவுக்குக் கண்ணி. இரு பக்கமும் மோதுகாப்புப் பந்துகள், எந்தச் சுவர்ப்பக்கம் நிறுத்தச் சொல்வார்கள் என்று முன்கூட்டித் தெரியாது. தண்ணீர் இறங்கும்போது கயிற்றை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், எந்தக் காரணத்துக்காகவும் முடிச்சுப் போட்டுவிட்டு நகராதீர்கள். படகு சுவரில் தொங்கும். வெயில் வாரக்கடைசியில் போகாதீர்கள், உங்கள் முதல் தவற்றைப் பார்க்க இருநூறு பேர் ஐஸ்கிரீமோடு நிற்பார்கள். செவ்வாய்க்கிழமை காலை போங்கள்.

மறக்கும் முன் ஒன்று. நன்னீரில் நின்ற படகு என்றால் அடியில் அரிப்பைத் தாங்கிக்கொள்ள மக்னீசியத் துண்டுகள் மாட்டியிருப்பார்கள். உப்புநீரில் அது வேகமாகக் கரைந்துபோகும், பிறகு புரொப்பல்லருக்கு நாதி இல்லை. கரையேற்றியபோது என்ன மாட்டியிருந்தது என்று சர்வே அறிக்கையில் பாருங்கள். மக்னீசியம் என்றால், எவரெட்டில் நிரந்தரமாகக் கட்டுவதற்கு முன் துத்தநாகமாக மாற்றிவிடுங்கள்.

கரையோரன்:

அறிக்கை 19-ஆம் பக்கம். மக்னீசியம்தான். மூழ்கி மாற்றும் ஆளுக்கு இப்போதே தொலைபேசி போடுகிறேன்.